தோட்டம் என்று தேடினால் கிடைக்க வேண்டும்

மலேசியாவின் கேமரன் மலையில் ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் 2029இல் நூறு வயதை எட்டுகிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இன்று அந்தச் சரிவுகளில் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களே அதிகம் வேலை செய்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல தானா ராத்தாவுக்கும் ரிங்லெட்டுக்கும், மலைக்குக் கீழே ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டன. இந்த நூறாண்டு வாழ்க்கையை ஆய்வேடாக எழுத ஒரு முதுகலை மாணவி நம் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தால், அவருக்கு நாம் எதை எடுத்துக் கொடுப்போம்?

ஆங்கிலத்தில் கொடுக்க நிறைய இருக்கிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் கேமரன் ஹைலண்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் அடித்தால், 1930களின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் செய்திகள் வரிசையாக வந்து நிற்கும். துரைமாரின் பேச்சும் நிர்வாகத்தின் கணக்கும் ஒரே நிமிடத்தில் கைக்கு வரும். அதே மலையைப் பற்றித் தமிழில் அச்சானதைத் தேடும்போது மாணவி அலமாரி அலமாரியாக அலைய வேண்டியிருக்கிறது. நூல் நம்மிடமே இருந்தும் அவர் கண்ணில் படாமல் போவதுதான் வேதனை.

மின்தரவுத் தளங்களுக்குச் சந்தா கட்டிவிட்டால் நூலகம் டிஜிட்டல் ஆகிவிட்டது என்று நினைக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அந்தச் சந்தா தேவைதான். ஆனால் நம் சொந்தப் பட்டியலில் தமிழ்ப் பதிவுகள் சீராக இல்லாதவரை எத்தனை கருவி வாங்கினாலும் தோட்டத்துத் தமிழரின் வரலாறு தேடலில் சிக்காது. முதல் வேலை பட்டியலாக்கத்தில் இருக்கிறது.

நம் பதிவுகளை ஒருமுறை நெருங்கிப் பாருங்கள். தமிழ் நூலின் தலைப்பு பெரும்பாலும் ரோமன் எழுத்தில் இருக்கும். ழகரத்துக்கு எல் எழுத்தின் அடியில் ஒரு கோடு, ளகரத்துக்கு அடியில் ஒரு புள்ளி, நெடிலுக்கு மேலே ஒரு கோடு என்பது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் முறை. அந்தக் குறிகளை நினைவில் வைத்து எந்த மாணவரும் தேடுவதில்லை. மூல எழுத்தைப் பதிய, நூலகப் பதிவுகளுக்கான மார்க் 21 அமைப்பில் 880ஆம் புலம் இருக்கிறது. அதை நிரப்பாமல் விட்ட பதிவுகளும், நிரப்பியிருந்தும் தேடலுக்குள் சேர்க்கப்படாத பதிவுகளும் இருந்தும் இல்லாதவைதான்.

தமிழ் எழுத்தில் பதிந்தபின்னும் சிக்கல் தீர்ந்துவிடாது. தோட்டம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் முதலெழுத்தான 'தோ'வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: தகரத்துடன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று, இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். இரண்டையும் ஒன்றாக்க யூனிகோடு வகுத்த சீராக்கத்தைத் தேடுபொறியில் இயக்காத நூலகத்தில் பாதித் தோட்டங்கள் ஒருவர் கண்ணுக்கும், மீதி இன்னொருவர் கண்ணுக்கும் தெரியும். சீராக்கத்தை இயக்கும்போதும் கவனம் வேண்டும். ஐரோப்பிய மொழிகளின் மேற்குறிகளைக் களைய எழுதப்பட்ட விதி, தமிழின் புள்ளியையும் சேர்த்துக் களைந்துவிடக்கூடும்.

பழைய அச்சில் இன்னொரு தடை உண்டு. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் லை, னை, ணை, ளை ஆகியவை துதிக்கை போல வளைந்த கொம்புடன் இருக்கும். இன்றைய அச்செழுத்துகளைக் கொண்டு பழக்கப்பட்ட எழுத்துணரி மென்பொருள் அங்கேதான் தடுமாறுகிறது. தேயிலை, மலை என்னும் இரண்டு சொற்களுமே லையில் முடிகின்றன. கேமரன் மலை ஆய்வாளருக்கு மிகவும் தேவைப்படும் சொற்களே படிமத்திலிருந்து உரையாகும்போது சிதைந்துவிடுகின்றன. ஆகவே வருடி எடுப்பதோடு பணி முடிவதில்லை. தலைப்பு, பொருளடக்கம், இடப்பெயர் ஆகியவற்றையாவது மனிதக் கண் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் நமக்கு முன்னோடிகள் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியது. மூன்றே ஆண்டில், 1969இல், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்டு இராம சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா'வை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. நூலகத்தில் கணினி இல்லாத காலத்தில் முடிந்த வேலை அது.

நமக்கு அருகிலேயே நல்ல எடுத்துக்காட்டுகளும் இருக்கின்றன. இலங்கையில் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்து, மலையகத் தேயிலைத் தோட்ட மக்களின் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவருகிறது. சிங்கப்பூரில் 1965 முதல் 2015 வரை வெளியான தமிழ் இலக்கிய நூல்களைச் சமூகமும் தேசிய நூலக வாரியமும் கைகோத்து மின்னாக்கின.

கேமரன் மலையில் சேர்க்க வேண்டியவை புத்தக வடிவில் மட்டும் இல்லை. போ, சுங்கை பாலாஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் போன்றவற்றின் பதிவேடுகளும் படங்களும், கோயில் திருவிழா மலர்கள், தோட்ட எழுத்தரான கிராணி எழுதிய செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு, குடும்பங்கள் பெட்டியில் வைத்திருக்கும் சம்பளச் சீட்டு எல்லாம் ஆவணங்களே. மூலத்தை உரியவரிடமே விட்டுவிட்டுப் படிமத்தை மட்டும் எடுத்துவரலாம். எடுக்கும் இடத்திலேயே ஊர், ஆண்டு, கொடுத்தவரின் ஒப்புதல் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனும், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சங்கமணியும் தமிழ்ச் சொல்லால் தேடக்கூடிய நிலைக்கு வர வேண்டும். மலேசியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை நூலுக்குப் பதிப்புரிமை உண்டு. அதற்குட்பட்டவற்றுக்குக் குடும்பத்தாரிடம் அனுமதி கேட்பதும் நூலகரின் கடமை.

சேர்த்ததைத் தோட்டத்துப் பிள்ளைகளே எட்டிப்பிடிக்க முடியாவிட்டால் பயனில்லை. 2020இல் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, சபாவில் ஒரு மாணவி இணையத் தேர்வு எழுத மரத்தில் ஏறியதை நாடே பார்த்தது. கேமரன் மலையின் மடிப்புகளிலும் கைப்பேசி அலை விட்டுவிட்டுத்தான் வரும். அங்கிருந்து படிப்பவருக்குப் பெரிய படிமக் கோப்பும், வெளியிலிருந்து நூலகத் தளத்துக்குள் நுழைந்த சில நிமிடங்களில் அறுந்துபோகும் இணைப்பும் மூடிய கதவுக்குச் சமம். ஒவ்வொரு மின்னூலுக்கும் எடை குறைந்த ஒரு வடிவம், ஒருமுறை இறக்கினால் இணைப்பின்றிப் படிக்கும் வசதி, கைப்பேசியில் தமிழில் இயங்கும் தேடல் பெட்டி ஆகிய மூன்றையும் மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுதுங்கள்.

நூலக நண்பர்களே, இந்த வாரமே உங்கள் பட்டியலில் தோட்டம் என்ற சொல்லை இருவிதக் குறியீட்டிலும் இட்டுப் பாருங்கள். எண்ணிக்கை மாறினால் கணினிப் பிரிவினரோடு உட்கார்ந்து திருத்துங்கள். 1969இன் பட்டியலில் உள்ளவற்றுள் உங்களிடம் இருக்கும் நூல்களுக்குத் தமிழ் எழுத்தில் பதிவு உண்டா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முடிவுகளை எங்களுக்கு எழுதுங்கள், வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். 2029க்குள் முடிக்கக்கூடிய வேலைதான் இது. அதை நாமே செய்தாக வேண்டும்.