ஸ்கேன் மக்கள் பணத்தில் பிறந்தது. போலகத்துக்கும் நேரத்தோட கிடைக்கணும்



ராத்திரி 10 மணிக்குப் போலகத்துல ஒருத்தருக்கு வாய் ஒரு பக்கமா கோணிப்போச்சு, கையைத் தூக்க முடியல, பேச்சு குழறுதுன்னு வச்சுக்குங்க. அது பக்கவாதம். ஆஸ்பத்திரியில் அவருக்கு எந்த மருந்து போடுவது என்று முடிவு செய்வதற்கு முன்னாடியே ஒன்று தேவை: சி.டி. ஸ்கேன்.

காரணம் இதுதான். பக்கவாதத்தில் இரண்டு வகை உண்டு. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். கசிவு என்றால் அதே ஊசி உயிருக்கே உலை வைத்துவிடும். எது என்று காட்டுவது ஸ்கேன். அந்த ஊசியையும் அறிகுறி தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 10 மணிக்குத் தொடங்கினால் 2.30 மணியோடு அந்த வாய்ப்பு முடிந்துவிடும். அதற்குள் போட்டாலும் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவுக்கு மூளை தப்பும்.

"காலையில பாத்துக்கலாம்"னு படுக்க வைத்த எத்தனையோ பேர் ஆயுள் முழுக்க ஒரு கை, ஒரு கால் விளங்காமல் கிடக்கிறார்கள். அதனால் இரவு நேரத்தில் ஸ்கேன் கிடைப்பது வசதி பற்றிய பேச்சு கிடையாது. அந்த மனிதர் மறுபடி வயலுக்கோ கடலுக்கோ போவாரா, மாட்டாரா என்பது அதில்தான் இருக்கு.

ஸ்கேன் மெஷின் என்றாலே ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி நமக்குப் போடும் பிச்சை மாதிரி சிலர் பேசுகிறார்கள். அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் நாம் கேட்கிற குரலே மாறும்.

சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு, சதை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக நிழல் விழும். சி.டி. ஸ்கேன் உடம்பைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்ரே எடுக்கிறது. அந்த நிழல்களை எல்லாம் கணக்குப் போட்டுச் சேர்த்து, உடம்பைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது மாதிரி ஒரு படத்தைத் தருகிறது. ஆக, மெஷினின் உயிர் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அந்தக் கணக்கில் நம்ம ஆளுக்குப் பங்கு உண்டு. ஜி.என். ராமச்சந்திரன் 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். கொலாஜன் என்ற புரதத்தின் மூன்று இழை அமைப்பைச் சென்னையில் இருந்தே கண்டுபிடித்துச் சொன்னவர். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்குப் போனார். 1971-ல் அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் சேர்ந்து அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிழல்களை அப்படியே திருப்பிப் பரப்பினால் படம் மங்கலாக வரும். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு கணக்கால் திருத்திவிட்டு அப்புறம் பரப்பினால் தெளிவாக வரும், வேலையும் சீக்கிரம் முடியும் என்று அதில் காட்டினார்கள். வானொலி அலைகளைக் கொண்டு வானத்தை ஆராய்ந்தவர்கள் இதே வழியை இன்னொரு பக்கமாக முன்பே தொட்டிருந்தார்கள். ஆனாலும் எக்ஸ்ரே படத்துக்கு அதை அழகாக வகுத்துக் கொடுத்தது இந்த இருவரும். இன்றைக்கும் ஸ்கேன் பாடப் புத்தகங்களில் அந்தத் திருத்தத்துக்கு இவர்கள் பெயரைச் சுருக்கி 'ராம்-லாக்' என்றுதான் பெயர்.

அதே 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் தேதிதான் லண்டனில் ஒரு நோயாளியின் தலை முதன்முதலாக சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. மெஷினைச் செய்த ஹவுன்ஸ்ஃபீல்டு ஒரு கம்பெனிப் பொறியாளர். ஆனால் அந்த வேலைக்குப் பிரிட்டன் அரசின் சுகாதாரத் துறையும் பணம் கொடுத்தது. அவரோடு 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்மாக் பல்கலைக்கழக ஆசிரியர். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு வழி போட்ட லாட்டர்பர் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர், மேன்ஸ்ஃபீல்டு நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்காரர். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனை வளர்த்தெடுத்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் இயன் டொனால்டு.

கவனிச்சீங்களா? ஒவ்வொன்றின் வேரிலும் ஒரு பல்கலைக்கழகம், மக்கள் வரிப்பணம். விதை போட்டது பொதுப் பணம். அறுவடை மட்டும் காசு உள்ளவனுக்கு என்றால் அது எந்த ஊர் நியாயம்?

இதை மாற்ற முடியும். ஏற்கெனவே மாற்றிக் காட்டியவர்கள் நம்ம பக்கத்திலேயே இருக்காங்க.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் இதய வால்வைத் தானே உருவாக்கி, 1990-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தியது. இறக்குமதி வால்வைவிட விலை குறைவு. இதுவரை 1 லட்சம் பேருக்கு மேல் பொருத்தியாகிவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையம், ரத்தக்குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதை வெளியிலிருந்தே அளக்கும் 'ஆர்ட்சென்ஸ்' கருவியை உருவாக்கியிருக்கிறது. சங்கர நேத்ராலயாவோடு சேர்ந்து, கிராமத்துக்கே போய்க் கண் ஆபரேஷன் செய்யும் பேருந்தையும் உருவாக்கியது. வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே 1994-ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்குவதோடு நிற்காமல், அரசு மருத்துவமனைகளில் குறைந்த கட்டணத்தில் ஸ்கேன் மையங்களையும் நடத்துகிறது.

இப்போ நம்ம காரைக்காலைப் பாருங்க. வடக்கே திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம். நகரத்தில் அரசு பொது மருத்துவமனை. 2016 முதல் ஜிப்மரின் காரைக்கால் கிளை. பொறியாளரும் இருக்கார், டாக்டரும் இருக்கார். இத்தனை சின்ன மாவட்டத்தில் இந்த மூன்றும் அமைவது லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஆளுக்கொரு பக்கம் இருக்காமல் ஒரே மேசையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். எதற்கெடுத்தாலும் 130 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற புதுச்சேரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நிலைமை காரைக்காலுக்கு வேண்டாம்.

அதனால் நாம் கேட்பது நான்கு.

1. மாவட்டத்தில் அரசு சார்பில் சி.டி., எம்.ஆர்.ஐ. எங்கே, எந்த நேரத்தில், என்ன கட்டணத்தில் எடுக்கப்படுகிறது என்பதை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். மெஷின் பழுதானால் எப்போது சரியாகும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

2. பக்கவாதத்துக்கான சி.டி. 24 மணி நேரமும் கிடைக்க வேண்டும். இரவில் படத்தைப் பார்த்துச் சொல்ல நிபுணர் நேரில் இல்லை என்றால், இணையம் வழியாகப் படத்தை அனுப்பி ஜிப்மர் மருத்துவர்கள் உடனே முடிவு சொல்ல ஏற்பாடு வேண்டும். படம் எடுத்துவிட்டுக் காலை வரை காத்திருந்தால் எடுத்ததற்கே அர்த்தமில்லை.

3. திருவேட்டக்குடி மாணவர்களும் ஜிப்மர் மருத்துவர்களும் சேர்ந்து வேலை செய்ய ஒரு மருத்துவக் கருவி ஆய்வுக்கூடம் காரைக்காலில் வேண்டும். கருவிப் பராமரிப்பில் நம்ம பிள்ளைகளுக்குப் பயிற்சியும் வேலையும் அதிலிருந்தே வரும்.

4. அரசுப் பணத்தில் உருவான கருவிக்கு, அரசு மருத்துவமனைக்கு என்ன விலை என்பதை உரிமம் கொடுக்கும்போதே எழுத வேண்டும். உள்நாட்டுக் கருவி என்பதற்காகச் சோதனையில் சலுகை காட்டச் சொல்லவில்லை. முறையான சோதனையில் தேறட்டும். தேறியதை அரசே முதலில் வாங்கட்டும்.

இதில் எதுவும் ஆகாயத்தில் கோட்டை கட்டுகிற கோரிக்கை அல்ல. பலகை எழுத ஒரு நாள் போதும். படத்தை இணையத்தில் அனுப்ப சில நிமிடம் போதும். மனசு இருந்தா மற்றதும் நடக்கும்.

தோழர்களே, உங்களுக்கும் வேலை இருக்கு. வாய் கோணல், கை பலவீனம், பேச்சு குழறல், இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் மணியைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்க. கை வைத்தியம், எண்ணெய்த் தடவல் என்று நேரத்தைக் கடத்தாதீங்க. உங்க வீட்டில் யாருக்காவது இது நடந்திருந்தால், வீட்டிலிருந்து கிளம்பி ஸ்கேன் முடிவு கைக்கு வர எத்தனை மணி நேரம் ஆச்சு என்று கீழே எழுதுங்க. பெயர் வேண்டாம், ஊரும் நேரமும் போதும். அதைத் தொகுத்து மனுவோடு இணைத்துக் கொடுப்போம்.

போலகம், படுதார்கொல்லை, வாஞ்சூர், திருமலைராயன்பட்டினம் தோழர்கள் இந்தப் பதிவை உங்க ஊர்க் குழுக்களில் பகிருங்க.

#காரைக்காலுக்கு_24மணிநேர_ஸ்கேன்
#மக்கள்பணம்_மக்களுக்கே