பெட் ரெடி... பக்கத்தில் நிற்க நர்ஸ் எத்தனை பேர்?

2021 மே மாதம் ஞாபகம் இருக்கா? மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு கொரோனா உறுதியானது. 'ஆக்சிஜன் பெட் எங்கே காலியா இருக்கு?' என்று எல்லோரும் போனில் தேடினோம். அந்த பெட் பக்கத்தில் யார் நிற்பாங்க என்று தேடியவர்கள் குறைவு.

அப்போது திண்டுக்கல்லில் மருத்துவக் கல்லூரி திறக்கப்படவில்லை. நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டை மக்களுக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனை. அதைத் தாண்டினால் மதுரை ராஜாஜி மருத்துவமனை.

ஒரு பெட்டுக்கு எத்தனை பேர்?

சின்னக் கணக்கு. ஐசியூவில் வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பிபிஇ கிட் போட்டுக்கொண்டு 6 மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம். ஆக, 24 மணி நேரத்துக்கு 4 பேர். 7 நாள் டியூட்டி, 7 நாள் தனிமை என்றால் இன்னொரு 4 பேர். மொத்தம் 8. இப்படி 20 பெட்டுக்கு 160 நர்ஸ்! கட்டில், வென்டிலேட்டரை சில நாள்களில் வாங்கிவிடலாம். ஐசியூ பழகிய நர்ஸை அப்படி வாங்க முடியாது.

அப்போது என்ன செய்தார்கள்?

2020-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்ஆர்பி) மூலம் தற்காலிக செவிலியர்கள் எடுக்கப்பட்டார்கள். 100 நாள் கொரோனா பணி பார்த்தவர்களுக்கு அரசு வேலைகளில் முன்னுரிமை என்று 2021 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நர்ஸ்களுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றது மாநில அரசு.

அலை ஓய்ந்த பிறகு?

2022 டிசம்பர் 31-உடன் 2,300-க்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் முடிந்தது. நியமனத்தில் இடஒதுக்கீட்டு விதிகள் பின்பற்றப்படவில்லை என்பது அரசு சொன்ன காரணம். மாவட்ட சுகாதாரச் சங்கங்கள் வழியாக 18,000 ரூபாய் சம்பளத்தில் மாற்றுப் பணி தருவதாகவும் சொன்னது. 'பணி நிரந்தரம்தான் வேணும்' என்று செவிலியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

விதியை மீறச் சொல்லவில்லை. ஆனால் அவசரத்தில் விதியைத் தள்ளிவைத்தது அரசு. அதற்கான விலையைக் கொடுத்தது நர்ஸ்கள். இது நியாயமில்லை. அடுத்த முறை கூப்பிட்டால் எந்த நம்பிக்கையில் வருவாங்க?

இப்போதே செய்ய வேண்டியது

• மாவட்டம்தோறும் ரிசர்வ் செவிலியர் பட்டியல். இடஒதுக்கீட்டைப் பின்பற்றியே தயாராக இருக்கட்டும்.

• அதில் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐசியூ பயிற்சி.

• பணிக்காலம் முடிந்தால் என்ன கிடைக்கும் என்பது முதல் நாள் ஆர்டரிலேயே எழுத்தில்.

• டியூட்டி பட்டியலோடு சேர்த்தே ஓய்வு, தங்குமிடம், சாப்பாடு, பஸ் ஏற்பாடு.

2022 ஜனவரி 12-ல் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. ரிசர்வ் பட்டியலையும் பயிற்சியையும் அங்கிருந்தே தொடங்கலாம். அலை வந்த பிறகு ஆள் தேடினால், அந்தத் தாமதத்துக்கு பெட்டில் படுத்திருப்பவர்தான் விலை கொடுப்பார். அது உங்க அம்மாவாகவும் இருக்கலாம்.