கபிலரின் மலர்க்குவியலும் செண்பகனூர் ஓவியத்தாளும்

குறிஞ்சிப்பாட்டு கூறும் 99 மலர்களுக்குத் தாவரவியற் பெயர் காணும் முயற்சி தமிழாய்வில் நெடிது வளர்ந்துள்ளது. பி.எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’, கு. சீநிவாசனின் ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ ஆகியன இத்துறைக்கு அடித்தளம் இட்டன. பின்வந்த ஆய்வேடுகள் பல அவர்தம் முடிவுகளைப் படியெடுப்பதோடு அமைந்துவிடுகின்றன. கபிலர் அம்மலர்வரிசையை எவ்வாறு ஆக்கினார் என்னும் வினா அரிதாகவே எழுகிறது. தாவர ஓவியரின் பணிமுறை இவ்வினாவுக்கு ஒளி தரும் என்பது என் கருத்து.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895இல் இயேசு சபையார் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். அச்சபையைச் சார்ந்த லூயி ஆங்லாத் (1873–1953) பழனி மலைச் செடிகளைத் தொகுத்தும் வரைந்தும் வந்தார். கே.எம். மாத்யூ 1999இல் வெளியிட்ட பழனி மலைத் தாவரநூல் அம்மரபின் பெரும்பேறு.

தாவர ஓவியத்தின் இலக்கணத்தைக் காந்தளைக் கொண்டு விளக்கலாம். அதன் இதழ்கள் முதலில் பசுமை கலந்த மஞ்சளாய் விரிந்து, நாட்பட முழுதும் சிவக்கும். காய் பின்னர் முதிரும். கிழங்கோ மண்ணுள் மறைந்திருக்கும். ஓவியர் இவை அனைத்தையும் ஒரே தாளில் அமைப்பார். பூச்சி அரித்த இலையை விடுத்து, பற்றுக்கம்பியாய் நீளும் இலைநுனியைத் தெளிவாகக் காட்டுவார். அவ்வாறான செடியை எந்த மலைச்சரிவிலும் எந்நாளிலும் காண இயலாது. ஆயினும் செடியை இனங்காண அத்தாளே சிறந்த துணை. நிழற்படம் அதற்கு அடுத்ததே.

கபிலர் செய்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கது. தலைவியும் தோழியும் பாறையில் குவிக்கும் மலர்களுள் காந்தளும் குறிஞ்சியும் மட்டுமல்ல, தாமரையும் நெய்தலும் தாழையும் உள்ளன. ஒரு மலைச்சாரல் ஒரு பகலில் இத்தனையும் தாராது. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிற நிலத்தில் வரினும் வந்த நிலத்தனவாகக் கொள்ளத் தொல்காப்பியம் இசைவு தருகிறது. இவ்விசைவை விதிவிலக்காகவே படித்துப் பழகிவிட்டோம். ஆக்கமுறை பற்றிய குறிப்பாகவும் அதனைப் படிக்கலாம். அகத்திணை மாந்தர் இயற்பெயர் சுட்டப்பெறாமையும் இதனோடு இயைவதே. ஓவியத்தாளிலும் குறித்த ஒரு செடி இல்லை, அவ்வினமே உள்ளது.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. ஓவியரின் தாளுக்குப் பின்னால் இடமும் நாளும் தொகுத்தவர் பெயரும் குறித்த உலர்செடித்தாள் இருக்கும். ஐயம் எழின் அதனைப் பார்க்கலாம். கபிலருக்கு அத்தகைய சான்று இல்லை. உரைகாரர் சொல்லே நமக்குண்டு. ஆகவே ஆய்வாளர் ஒரு மலருக்குத் தாவரவியற் பெயர் இடும்போது எவ்வுரையைக் கொண்டார், செண்பகனூரிலோ திருச்சிராப்பள்ளி ராபினாட் உலர்தாவரகத்திலோ எத்தாளோடு ஒப்பிட்டார் என்னும் இரண்டையும் குறித்தல் வேண்டும். குறிக்க இயலாத இடத்தில் பெயர்க்கட்டத்தை வெறுமையாக விடுதலே முறை. ஆய்வேட்டு நெறியாளர்கள் இதனை வரும் கல்வியாண்டிலேயே வலியுறுத்தத் தொடங்கலாம்.