மூன்றாவது கதிரை போனது சரி, இரண்டாவதும் போகவேண்டுமா?



பெரிய விமானங்களையும் ஒரே விமானி ஓட்டினால் போதும், மிச்சத்தைக் கணனி பார்க்கும் என்று ஒரு பேச்சு நடக்கிறது. புத்தூரில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. ஆகவே இது எங்கட கதையும்தான்.

1980களில் எயார்லங்காவின் ட்ரைஸ்டாரில் லண்டனுக்கும் மத்திய கிழக்குக்கும் போனவர்களுக்கு அந்த விமானம் நினைவிருக்கும். விமானி அறையில் மூன்று பேர். முன்னால் இரண்டு விமானிகள். துணை விமானிக்குப் பின்னால், வலப்பக்கச் சுவரில் மானிகளும் ஆளிகளும் நிறைந்த பலகையோடு விமானப் பொறியியலாளர். எந்தத் தாங்கியிலிருந்து எந்த இயந்திரத்துக்கு எரிபொருள் போகிறது, மின்பிறப்பாக்கி ஒழுங்கா, ஹைட்ரோலிக் அமுக்கம் இறங்குகிறதா, உள்ளே காற்றமுக்கம் சரியா, எல்லாம் அவர் பொறுப்பு.

1994இல் எயார்பஸ் ஏ340 வந்தது. ட்ரைஸ்டாருக்கு மூன்று இயந்திரம், மூன்று பேர். இதற்கு நான்கு இயந்திரம், இரண்டே பேர்! மானி பார்க்கும் வேலையைக் கணனி எடுத்துக்கொண்டது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆள் கூடினால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. 1972 டிசம்பரில் ஈஸ்டேர்ன் நிறுவனத்தின் ட்ரைஸ்டார் ஒன்று புளோரிடாச் சதுப்பில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். முன்சக்கரத்துக்கான சின்ன மின்குமிழ் எரியவில்லை. பொறியியலாளர் கீழே இறங்கிப் பார்க்கப் போய்விட்டார், மற்றவர்கள் குமிழோடு மினக்கெட்டார்கள். விமானம் மெல்ல இறங்கியதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆனால் 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் நடந்ததையும் பாருங்கள். டிசி-10 ஒன்றின் வால் இயந்திரம் சிதறி, மூன்று ஹைட்ரோலிக் தொகுதியும் போய்விட்டன. அதற்குக் கைநூலில் வழியே இல்லை. இரண்டு விமானிகள், பொறியியலாளர், பயணியாக வந்த பயிற்சி விமானி என நான்கு பேர் சேர்ந்து, மிஞ்சிய இரண்டு இயந்திரங்களின் வலுவைக் கூட்டிக் குறைத்தே ஓடுபாதை வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் தப்பினார்கள்.

கணனி, பார்க்கச் சொன்னதைப் பார்க்கும். "சேர், நீங்கள் செய்வது பிழை" என்று சொல்ல பக்கத்துக் கதிரையில் ஒரு ஆள் வேண்டும். ஒரு விமானி தூங்க மற்றவர் தனியே ஓட்டுவது இன்றைய அளவுக்குப் பாதுகாப்பானது என்று காட்டமுடியவில்லை என 2025இல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வும் சொன்னது. நல்லது. ஆனால் சம்பளக் கணக்குப் பார்ப்பவர்கள் திரும்ப வருவார்கள்.

சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் சின்ன ஏடிஆரிலேயே இரண்டு விமானிகள். டிக்கட் பாதி விலைக்குத் தந்தாலும் ஒருவர் மட்டும் ஓட்டும் விமானத்தில் நான் ஏறமாட்டேன். நீங்கள் ஏறுவீர்களா?