நெட்டிலிங்கக் கோட்டை

மதிலோரம் நெட்டிலிங்கத்தை வரிசையாக நட்டு, 'அசோக மரம்' என்று பெயரும் சூட்டிக்கொள்வது இப்போது கௌரவமாகிவிட்டது. உண்மையான அசோகு செம்மஞ்சளாய்ப் பூக்கும். இதுவோ ஒட்டடைக் கம்பு மாதிரி உயர்ந்து நிற்கும், நிழல்கூடச் சொற்பம்.

நானும் நட்ட பாவிதான். பக்கத்து வீட்டு மாமி எங்கள் கூடத்தையே பார்க்கிறாளாம்! ஆறு வருஷத்தில் மாமி எங்கள் கண்ணுக்கே தெரியாமல் போனாள். சென்ற ஐப்பசி மழையில் கொல்லையில் வழுக்கி விழுந்து கூப்பிட்டிருக்கிறாள். குரல் கேட்டது, யாரோ, எங்கோ என்று இருந்துவிட்டோம். பால்காரன் வந்துதான் தூக்கினான்.

கிராமத்துக் கிளுவை வேலியைப் பாருங்கள். மார்பளவுக்குக் கழித்துவிடுவார்கள். ஆட்டைத் தடுக்கும், அண்டை வீட்டு முகத்தை மறைக்காது. அந்தரங்கம் வேண்டுமென்றால் ஜன்னலுக்குத் திரை போடுங்கள், ஐயா! மாமி வீட்டுக் கொல்லைக்கு நேராக நின்ற இரண்டு மரங்களை நான் வெட்டிவிட்டேன். அவள் பார்த்தால் பார்க்கட்டும்.