டச்சுக் கூட்டுச்சொல்: மூட்டு எங்கே?

வேலைசெய்ய இயலாதோருக்கான காப்பீட்டை டச்சுக்காரர்கள் ஒரே சொல்லில் எழுதிவிடுவார்கள்: ‘ஆர்பைட்ஸ்ஒன்ஹெஸ்ஹிக்ட்ஹைட்ஸ்ஃபெர்ஸேகெரிங்’. அவர்கள் எழுத்தில் 33 எழுத்து, 10 அசை. நடுவே இடைவெளி கிடையாது. தலையழுத்தம் முதலசையான ‘ஆர்’ மேல் விழும். சொல்லின் மூன்று உறுப்புகளில் பின்னிரண்டின் அழுத்தம் துணையழுத்தமாகத் தாழும். உறுப்புகளை இணைக்கும் ‘ஸ்’ இடப்பக்கத்து உறுப்போடுதான் நிற்க வேண்டும். உறுப்புகள் சேரும் மூட்டு தெரியாத நிரலோ அதை அடுத்து வரும் உயிரோடு சேர்த்து ‘ஸொன்’ என்று வரியை முறித்துவிடும்.

கூட்டுச்சொற்களைப் பிரிக்க அச்சுக்கோப்புக்கு ஒரு பட்டியல், பேச்சொலியாக்கத்துக்கு இன்னொன்று என்று தனித்தனியே வைத்துக்கொள்வதை நாங்கள் ஏற்கவில்லை. உழைப்பு இரட்டிப்பாவது இருக்கட்டும். பிழைகள் கண்ணில் படாமல் போகின்றன. ‘டைக்ரம்ப்’ என்ற சொல்லை டைக்-ரம்ப் என்று பிரித்தால் அணை உடைந்த பேரிடர். டை-க்ரம்ப் என்று பிரித்தால் தொடையில் தசைப்பிடிப்பு. இரண்டிலும் அழுத்தம் முதலசையில்தான், ஆகவே அழுத்தச் சோதனையில் தவறு தெரியாது. ‘மஸ்ஸா’வும் (திரள்) ‘ஹெபெட்’டும் (வழிபாடு) சேர்ந்தால் கூட்டு வழிபாடு. ‘மஸாஷ’வும் ‘பெட்’டும் சேர்ந்தால் மசாஜ் கட்டில். எழுத்துக்கூட்டல் ஒன்றே, நான்கு அசைகளின் பிரிப்பும் ஒன்றே. ஆனால் முன்னதில் அழுத்தம் முதலசையில், பின்னதில் இரண்டாம் அசையில். நடுவிலுள்ள மெய்யொலியும் மாறுகிறது. வரிமுறிப்புச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும் நிரல், வழிபாட்டுக்கு வந்தவர்களைக் கட்டிலில் படுக்க வைத்துவிடும்!

லியாங் 1983இல் ஸ்டான்ஃபர்ட் ஆய்வேட்டில் வகுத்த, டெக் அச்சுக்கோப்பு மென்பொருள் இன்றும் நம்பியிருக்கும் வரிமுறிப்பு முறை எழுத்துக்கோலங்களை மட்டுமே பார்க்கிறது. வேகத்தில் அதைக் குறைசொல்ல முடியாது. பொருள் அதற்குத் தெரியாது.

மூட்டைக் கண்டுபிடித்ததும் அழுத்தம் தானாக வந்துவிடும் என்றும் இல்லை. ‘ஸ்டட்ஹௌஸ்’ (நகர மன்றம்), ‘பூரென்கோல்’ (ஒருவகைக் கீரை) இரண்டிலும் தலையழுத்தம் இரண்டாம் உறுப்பில். இவற்றுக்கு விதிவிலக்குப் பட்டியலே வழி. ‘ஓமாச்ச’ (பாட்டி) என்பதை வரியோரத்தில் முறிக்கும்போது இரட்டித்த உயிரெழுத்தில் ஒன்று விழுவது போன்ற சிறு விதிகள் பெரிய தலைவலி அல்ல.

டச்சுத் தரவு அனுப்பும் நண்பர்கள் அசைக்கோட்டுக்கும் அழுத்தக்குறிக்கும் முன்பாக மூட்டைக் குறியுங்கள். ஐயம் இருந்தால் அந்தச் சொல்லை வரியோரத்தில் முறிக்காமல் விட்டுவிடலாம். பேச்சொலிக்கு அந்த வசதி இல்லை. அங்கே சொல் வந்த வாக்கியத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.