துப்பாக்கி ஏந்தும் முன் ஓர் ஆய்வுக் கட்டுரை: ராணுவ கேடட்டுக்கு ஃபைனல் இயர் புராஜெக்ட் எதற்கு?

ஃபைனல் இயர் புராஜெக்ட் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? சீனியரிடம் பழைய ரிப்போர்ட்டை வாங்கி, பெயரை மாற்றி, ஜெராக்ஸ் கடையில் பைண்டிங் போட்டு, வைவாவில் எக்ஸ்டர்னலை எப்படியோ சமாளித்துவிட்டு வெளியே வந்த கதைதானே? அந்த ரிப்போர்ட் அப்புறம் எங்கே போனது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதே புராஜெக்ட்டை, படிப்பு முடிந்த கையோடு 30, 40 சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கப்போகும் ஒருவர் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு டாங்கியோ ட்ரோனோ கிடையாது. போரை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு, ராணுவத்தை உள்நாட்டில் இறக்கலாமா, கூட்டணி நாடுகளை எதுவரை நம்பலாம் என்பது மாதிரியான கேள்விகள். அமெரிக்க ராணுவ அகாடமிகளில் அரசியல் அறிவியல் படிக்கும் கேடட்களுக்கு இதுதான் கடைசி வருட வேலை. அதற்குப் பெயர் ‘கேப்ஸ்டோன்’.

கேப்ஸ்டோன் என்றால் என்ன?

கட்டடத்தின் உச்சியில் கடைசியாக வைக்கும் கல்லுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நான்கு வருடம் படித்ததை எல்லாம் ஒரே வேலையில் கொண்டுவந்து காட்டு என்பது பொருள். கேடட் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேராசிரியர் ஒருவர் வழிகாட்டுவார். ஏற்கெனவே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்து, ஆவணங்களையும் தரவுகளையும் அலசி, ஒரு முடிவுக்கு வந்து, அதைக் கேள்வி கேட்பவர்கள் முன்னால் நின்று நியாயப்படுத்த வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் வெஸ்ட் பாயின்ட் அகாடமியில் இதற்கென்றே வருடா வருடம் ‘புராஜெக்ட்ஸ் டே’ நடக்கிறது. ரோபோ செய்த கேடட்டும், வெளியுறவுக் கொள்கையை ஆராய்ந்த கேடட்டும் ஒரே நாளில் தங்கள் வேலையை முன்வைக்கிறார்கள். கனெக்டிகட்டின் நியூ லண்டனில் உள்ள கடலோரக் காவல்படை அகாடமியில் ‘கவர்ன்மென்ட்’ என்ற பெயரிலேயே ஒரு மேஜர் இருக்கிறது. அனாபொலிஸில் உள்ள கடற்படை அகாடமியில் அதற்கு ‘பொலிட்டிகல் சயின்ஸ்’ என்று பெயர்.

ராணுவத்துக்கு எதற்கு அரசியல் பாடம்?

நியாயமான சந்தேகம். 1802-ல் தொடங்கப்பட்ட வெஸ்ட் பாயின்ட், பொறியாளர்களை உருவாக்கியே பெயர் வாங்கிய இடம். இன்றைக்கும் அங்கே அரசியல் படித்தாலும் இலக்கியம் படித்தாலும் கையில் கிடைப்பது பி.எஸ். பட்டம்தான், பொறியியல் பாடங்களிலிருந்தும் தப்பிக்க முடியாது. கல்விக் கட்டணம் கிடையாது. பதிலுக்குப் பட்டம் வாங்கியதும் குறைந்தது ஐந்து வருடம் ராணுவத்தில் முழுநேரப் பணி. அப்படி இருக்கும்போது, ‘லெப்டினன்ட்டுக்கு மேப் படிக்கத் தெரிந்தால் போதாதா, மக்கள் வரிப்பணத்தில் கட்டுரை எழுத வேண்டுமா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

‘ராணுவம் அரசியலிலிருந்து விலகியே இருக்க வேண்டும்’ என்பது இன்னொரு வாதம். இதுவும் சரிதான். ஆனால் கட்சி அரசியல் வேறு, அரசாங்கம் எப்படி இயங்குகிறது என்ற அறிவு வேறு. கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர், அதைத் தாண்டாமல் இருப்பது எப்படி?

அமெரிக்க ராணுவ அதிகாரி எடுக்கும் உறுதிமொழியைக் கவனித்தால் விஷயம் புரியும். அவர் உறுதி அளிப்பது அரசியலமைப்பைக் காப்பதாக. அதிபரின் பெயர் அதில் வராது. அப்படியானால் அந்த அரசியலமைப்பில் என்ன இருக்கிறது, அதற்கு யார் யார் என்ன அர்த்தம் சொல்கிறார்கள் என்று ஒரு தடவையாவது உட்கார்ந்து ஆராய்ந்திருக்க வேண்டாமா?

லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது

இது வெறும் தியரி இல்லை. 2025 ஜூனில், குடியேறிகளைக் கைது செய்யும் நடவடிக்கைக்கு எதிராக லாஸ் ஏஞ்சலஸில் போராட்டம் வெடித்தது. கலிபோர்னியா ஆளுநர் வேண்டாம் என்று சொல்லியும், சுமார் 4,000 நேஷனல் கார்டு வீரர்களையும் 700 மரைன் வீரர்களையும் பணியில் இறக்க அதிபர் டிரம்ப் அரசு உத்தரவிட்டது. ராணுவத்தைப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிற 1878-ம் ஆண்டு சட்டம் ஒன்று அங்கே உண்டு; ‘பாசி கமிட்டேட்டஸ் சட்டம்’ என்பார்கள். அந்தச் சட்டம் மீறப்பட்டிருக்கிறது என்று செப்டம்பரில் ஃபெடரல் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

நீதிமன்றம் முடிவு சொல்லவே மூன்று மாதம் ஆனது. தெருவில் நிற்கும் 23 வயது அதிகாரிக்கோ மூன்று நிமிடம்கூடக் கிடைக்காது. ‘அந்த ஆளைப் பிடி’ என்று உத்தரவு வந்தால், அது தன் அதிகாரத்துக்குள் வருகிறதா என்று அந்த இடத்திலேயே யோசித்தாக வேண்டும். அந்தச் சட்டத்தை வைத்து ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டவருக்கும், பெயரையே அப்போதுதான் கேள்விப்படுபவருக்கும் வித்தியாசம் இருக்கும்தானே?

தன் படையையே கேள்வி கேட்டவர்கள்

அமெரிக்க ராணுவத்துக்கு இந்தப் பழக்கம் புதிதில்லை. 1974-ல் வெஸ்ட் பாயின்ட்டில் பட்டம் பெற்ற டேவிட் பெட்ரேயஸ், வியட்நாம் போரிலிருந்து ராணுவம் கற்ற பாடங்களைப் பற்றி 1987-ல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். இடையில் வெஸ்ட் பாயின்ட்டின் சமூக அறிவியல் துறையில் பாடமும் எடுத்தார். 20 வருடம் கழித்து இராக்கில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை ஏற்றது அவர்தான்.

1984-ல் அங்கே பட்டம் பெற்ற எச்.ஆர்.மெக்மாஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். வியட்நாம் விவகாரத்தில் அதிபர் ஜான்சன் மட்டுமல்ல, முப்படைத் தளபதிகளும் கடமை தவறினார்கள் என்று எழுதினார். 1997-ல் அது புத்தகமாக வந்தபோது அவர் பணியில் இருந்த மேஜர். தளபதிகளை விமர்சித்ததற்காக அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. மூன்று நட்சத்திர ஜெனரலாக உயர்ந்தார். 2017-ல் டிரம்ப்பின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகரும் ஆனார்.

இருவரும் செய்தது முனைவர் பட்ட ஆய்வு. கேப்ஸ்டோன் அதன் பக்கத்தில் சின்ன வேலை. ஆனால் ‘நம்ம ஆட்கள் எங்கே தப்பு பண்ணினார்கள்?’ என்று சீருடையோடு கேட்கலாம் என்ற துணிச்சல் இருபது வயதில் பழகினால்தான் நாற்பது வயதில் வரும்.

இப்போது என்ன சிக்கல்?

2025 ஜனவரியில் டிரம்ப் பிறப்பித்த ஓர் உத்தரவு, ராணுவ அகாடமிகளில் எதைக் கற்பிக்கலாம், எதைக் கற்பிக்கக் கூடாது என்று வரையறுத்தது. மனித வரலாற்றில் நன்மைக்கான மிகப்பெரிய சக்தி அமெரிக்காதான் என்று கற்பிக்கச் சொன்னது. அடுத்த மாதமே வெஸ்ட் பாயின்ட்டில் 12 மாணவர் அமைப்புகள் கலைக்கப்பட்டன. ஏப்ரலில் கடற்படை அகாடமி நூலகத்திலிருந்து 381 புத்தகங்கள் எடுக்கப்பட்டன. எதிர்ப்பு கிளம்பியதும் பெரும்பாலானவை திரும்ப வைக்கப்பட்டன. மே மாதம் வெஸ்ட் பாயின்ட் தத்துவப் பேராசிரியர் ஒருவர், மனசாட்சிப்படி பாடம் நடத்த முடியவில்லை என்று வேலையை விட்டார்.

அகாடமி பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடப்பது. பாடத்திட்டத்தில் அரசுக்குச் சொல்ல உரிமை இல்லையா என்று கேட்கலாம். நிச்சயம் இருக்கிறது. என்ன பாடம் நடத்த வேண்டும் என்று அரசு சொல்லட்டும். ஆனால் ஆய்வின் விடை என்னவாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அதற்குப் பெயர் ஆய்வு கிடையாது. அதுவும் கடைசி வாரத்தில் பெயர் மாற்றி பைண்டிங் போட்ட அதே ரிப்போர்ட்தான்.

கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கேடட்டிடமும், அதைத் திருத்தும் உரிமை பேராசிரியரிடமும் இருக்கும்வரைதான் கேப்ஸ்டோனுக்கு மதிப்பு. மற்ற கல்லூரிகளில் மோசமான புராஜெக்ட்டால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை, ஒரு மதிப்பெண் குறையும். இங்கே அந்த மாணவர் சில மாதங்களில் ஆயுதத்தோடு எங்கோ ஒரு தெருவில் நிற்பார். யோசிக்கப் பழகாத அதிகாரியின் விலையைக் கொடுக்கப்போவது அந்தத் தெருவில் இருப்பவர்கள்.